பாலை என்னும் படிவம்: சூழற் குலைவும் அறப்பொறுப்பும் (திருவனந்தபுரக் கடற்கரையை முன்வைத்து)

இயற்கை ஒரு நிலையில் நிற்பதில்லை. ஆறு தடம் மாறுகிறது. காடு எரிந்து தழைக்கிறது. கடல் கரையை அரித்துப் பின் மணலைக் கொணர்ந்து சேர்க்கிறது. அவ்வாறாயின் மனிதன் நிகழ்த்தும் மாற்றத்தை மட்டும் குற்றம் எனக் கூறுவது எங்ஙனம் பொருந்தும்? திருவனந்தபுரக் கடற்கரையில் வீடிழந்தோரின் முறையீடு எழுந்தபோதெல்லாம் இவ்வினா ஏதேனும் ஒரு வடிவில் எழுப்பப்பட்டு வந்துள்ளது. 'கடல் கரையை அரிப்பது புதிதன்று' என்னும் தொடரில் அது அடங்கிவிடுகிறது. எளிதில் ஒதுக்கத்தக்க வாதம் அன்று இது. சூழலியல் அறிவியலே கடந்த ஒரு நூற்றாண்டில் இவ்வாதத்திற்கு வலுச் சேர்ப்பது போன்ற முடிவுகளை நோக்கி நகர்ந்துள்ளது. தமிழ்த் திணைக்கோட்பாடும் திரிபை இயற்கைக்குப் புறத்தே நிறுத்தவில்லை. குலைவு இயல்பே என ஒப்புக்கொண்ட பின்னும் குலைத்தவரைப் பொறுப்பாக்க அறம் இடந்தருமா என்பது ஆராயத்தக்கது.

திரிந்த நிலம்

தொல்காப்பிய அகத்திணையியல் உலகத்தை நிலவகையாற் பகுக்குங்கால் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என நான்கையே கொள்கிறது. நடுவணதாகிய பாலைக்கு நிலம் வகுக்கப்படவில்லை. ஆயின் அதற்குப் பொழுது உண்டு. நண்பகலும் வேனிலும் அதற்குரியவை. நிலமின்றிப் பொழுது மட்டும் உடைய திணை என்னும் இவ்வமைப்பு உரையாசிரியர்களை நெடுங்காலம் சிந்திக்க வைத்தது. இதற்கு மிகத் தெளிவான விளக்கத்தைத் தருவது இலக்கண நூல் அன்று, காப்பியம். சிலப்பதிகாரக் காடுகாண் காதையில், மதுரைக்கு வழி வினவிய கோவலனுக்கு மாங்காட்டு மறையவன் விடை கூறும் பகுதியில், முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து நல்லியல்பை இழக்கும்போது கொள்ளும் வடிவமே பாலை என்னும் கருத்து இடம்பெறுகிறது.

இளங்கோவடிகள் ஆளும் சொற்கள் ஈண்டுக் கூர்ந்து நோக்கத்தக்கவை. பாலையை அவர் நிலம் என்னாது படிவம் என்கிறார். படிவம் என்பது மேற்கொள்ளப்படுவது; களையவும் கூடுவது. வேனில் முடிந்து மழை வீழ்ந்தால் முல்லை மீண்டும் முல்லையாகும் என்பது அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. மேலும் அப்பகுதி கதிரவனை வேந்தனாக உருவகிக்கிறது. நிலம் தானே திரிவதில்லை. அதன்மேல் ஆட்சி செலுத்தும் ஒன்றின் செயலால் திரிகிறது. வெம்மை என்னும் இயற்பியல் நிகழ்ச்சியைக் கூறுமிடத்தில் அரசியலின் சொல்லைப் புகுத்தியது வெறும் அணிநயம் எனத் தோன்றவில்லை. கொடுங்கோன்மையால் ஒரு நகரம் எரிந்த கதையைக் கூறும் நூலில், அந்நகருக்குச் செல்லும் வழியிலேயே இவ்வுருவகம் வருகிறது.

இதனைக் கொண்டு பண்டைத் தமிழர் சூழலியல் முழுவதையும் அறிந்திருந்தனர் என்று நிறுவ முயலும் போக்கு திணை ஆய்வுகளில் மிகுந்துள்ளது. அது தேவையற்ற பெருமை. ஊட்டச்சுழற்சியையோ ஆற்றல் ஓட்டத்தையோ திணைநூல்கள் அளந்து கூறவில்லை; அது அவற்றின் நோக்கமும் அன்று. எனினும் திரிபு, முறைமை, மீட்சி ஆகிய மூன்றையும் ஒரே சிந்தனையில் வைத்துக் காணும் பழக்கத்தை அவை தமிழுக்குத் தந்துள்ளன. இன்றைய வினாவை ஆராய அப்பழக்கம் பயன்படும்.

சமநிலை என்னும் நம்பிக்கை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூழலியல் சமநிலை என்னும் கருத்தைச் சார்ந்து நின்றது. அமெரிக்கத் தாவரவியலாளர் பிரெடரிக் கிளெமென்ட்ஸ் 1916இல் வெளியிட்ட நூலில், தரிசாகக் கிடக்கும் நிலம் படிப்படியாகத் தாவரங்களை ஏற்று, இறுதியில் அத்தட்பவெப்பத்திற்குரிய உச்சநிலைச் சமுதாயத்தை அடையும் என விளக்கினார். அச்சமுதாயத்தை அவர் ஓர் உயிரிக்கு ஒப்பிட்டார். உயிரி காயமுற்றால் ஆறுவதுபோலக் காடும் ஆறும். இக்கொள்கையில் குலைவு என்பது புறத்திருந்து வரும் நோய். ஹென்றி கிளீசன் 1926இல் இதனை மறுத்தார். தாவரக் கூட்டம் என்பது தனித்தனி இனங்கள் தத்தம் தேவைக்கேற்ப ஓரிடத்தில் கூடிய நிகழ்வேயன்றி ஓருயிர் அன்று என்பது அவர் கருத்து. ஆர்தர் டான்ஸ்லி 1935இல் சூழல் மண்டலம் என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்தபோது உயிருள்ளவற்றோடு மண், நீர், காற்று ஆகியவற்றையும் ஒரே அமைப்பில் இணைத்தார். உயிரி என்னும் உவமையைக் கைவிட்டார்.

பின்வந்தோர் இன்னும் ஒருபடி சென்றனர். ஜோசப் கானெல் 1978இல் வெப்பமண்டல மழைக்காடுகளையும் பவளப்பாறைகளையும் எடுத்துக்காட்டி, குலைவு அறவே இல்லாத இடத்திலும் மிகையான இடத்திலும் இனவகைமை குறைவதாகவும் இடைப்பட்ட அளவிலேயே அது மிகுவதாகவும் வாதிட்டார். இக்கருதுகோள் எல்லா இடங்களுக்கும் பொருந்துவதில்லை எனப் பின்னர்க் காட்டப்பட்டது. எனினும் குலைவு இல்லாத காடு வளமான காடு என்னும் எண்ணம் மீளவில்லை. தமிழ் மரபு அகத்தியரோடு இணைத்துப் போற்றும் பொதியிலின் பசுங்காடுகளிலும் முதுமரம் வீழ்ந்து திறக்கும் ஒளியில்தான் அதுவரை நிழலில் ஒடுங்கியிருந்த கன்றுகள் ஓங்குகின்றன. 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் இடம்பெற்ற அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் வளம் இத்தகைய சிறு வீழ்ச்சிகளையும் உள்ளடக்கியதே.

இவ்வரிசையில் முதன்மையானது சி. எஸ். ஹோலிங் 1973இல் வெளியிட்ட கட்டுரை. ஒரு மண்டலம் அசைவுற்றபின் எவ்வளவு விரைவில் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பது ஒன்று. எவ்வளவு அசைவைத் தாங்கித் தன் அடிப்படை உறவுகளைக் காத்துக்கொள்கிறது என்பது மற்றொன்று. பின்னதையே அவர் மீள்திறன் என்றார். அடிக்கடி ஏறி இறங்கும் மண்டலம் மீள்திறன் மிக்கதாக இருக்கலாம். அசையாது தோன்றும் மண்டலம் ஒரு வரம்பைக் கடந்ததும் மீளா நிலைக்குச் சரியலாம். தெளிந்த நீருடைய ஏரி, கழிவு சேரச்சேர நெடுநாள் மாற்றமின்றித் தோன்றிப் பின் திடீரெனக் கலங்கிவிடுவதையும், கழிவைக் குறைத்த பின்னும் உடனே தெளியாமல் நிற்பதையும் பிற்கால ஆய்வுகள் காட்டின. பாலை களையப்படாத படிவமாக இறுகுவது இந்நிலையிலேதான்.

கரை என்னும் கணக்கு

திருவனந்தபுர மாவட்டக் கடற்கரை தெற்கே தமிழக எல்லையை ஒட்டிய பொழியூரிலிருந்து வடக்கே இடவா வரை நீள்கிறது. மணற்கரைகளும், விழிஞ்ஞம், கோவளம் போன்ற பாறை முனைகளும், பூவாறு, வேளி ஆகிய பொழிமுகங்களும் இதன்கண் மாறிமாறி அமைந்துள்ளன. பொழி என்பது மணல்திட்டு. காயலையும் கடலையும் பிரித்து நிற்பது. மழைக்காலத்தில் உடைவது அல்லது உடைக்கப்படுவது. பின் தானே மூடிக்கொள்வது. நெய்தல் நிலத்தில் குலைவும் மீட்சியும் ஆண்டுதோறும் நிகழ்வதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மணற்கரையின் இயக்கமும் அத்தகையதே. சூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தின் செங்குத்தான அலைகள் கரைமணலை வாரி ஆழங்குறைந்த கடலடியில் திட்டாகச் சேர்க்கின்றன. அத்திட்டே பின்வரும் அலைகளின் வேகத்தைத் தணிக்கிறது. கடல் அடங்கியபின் நீண்ட மெல்லலைகள் அதே மணலைக் கரைக்குத் திருப்பித் தருகின்றன. ஆகவே மழைக்காலத்தில் கரை குறுகுவது இழப்பன்று; கடலிடம் ஒப்படைக்கப்பட்ட வைப்பு. இக்கணக்கை அறிந்தே கடலோர வாழ்க்கை அமைந்தது. ஆண்டுக்கு இருமுறை, ஐப்பசியிலும் பங்குனியிலும், பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரையை அடைகிறது. மலையாளத்தில் இவ்விழாக்கள் அல்பசி, பைங்குனி என இன்றும் தமிழ்த் திங்கட்பெயர்களின் திரிபுகளாலேயே வழங்குகின்றன. இரண்டும் பருவக்கடலின் சீற்றத்திற்குப் புறம்பான காலங்கள். கரமடி இழுக்கும் மீனவருக்கும் அகன்ற மணற்கரை வேண்டும். வலையின் இரு கயிறுகளையும் பற்றிப் பலர் நின்று இழுக்க இடமில்லையெனில் அத்தொழில் இல்லை.

எதிர்பாரா வரவும் இக்கடலுக்குப் புதிதன்று. காற்றோ மழையோ இல்லாத நாளில், பெரும்பாலும் பருவமழைக்கு முந்திய திங்கள்களில், கடல் பொங்கிக் கரையேறும். தென்னிந்தியப் பெருங்கடலில் பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவில் எழும் புயல்களின் நெடிய அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து இங்கு வந்து சேர்வதே இதன் காரணம். கேரளக் கடலோடிகள் இதனைக் 'கள்ளக்கடல்' என்றனர். 2012இல் யுனெஸ்கோ இப்பெயரை ஏற்றது. அறிவியல் கலைச்சொல்லாகக் கரையோர மக்களின் வழக்கே நிலைபெற்றது. அறிவித்து வரும் பருவக்கடலுக்கு இல்லாத பழி, அறிவியாது வரும் கடலுக்கு அப்பெயரிலேயே வைக்கப்பட்டுள்ளது. அரிப்பு அன்று, முறை பிறழ்ந்த வரவே மக்கள் பழிப்பது.

அண்மைக் காலத்தில் மாறியது இம்முறையே. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இக்கரையைத் தாக்கியது. பூந்துறை, விழிஞ்ஞம் முதல் குமரி மாவட்டக் கடலூர்கள் வரை கடலுக்குச் சென்ற பலர் திரும்பவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் சங்குமுகத்தின் கரையோரச் சாலை பலமுறை இடிந்தது. 1956இல் எழுப்பப்பட்ட வலியதுறைக் கடற்பாலம் 2021இல் சேதமுற்று, 2024இல் பிளந்தது. வலியதுறையில் வீடிழந்த குடும்பங்கள் கிடங்குகளில் ஆண்டுக்கணக்கில் தங்க நேர்ந்தது. வாரப்பட்ட மணல் முன்போல் திரும்பவில்லை என்பதே கரையோர மக்களின் முறையீடு.

மணல் திரும்பாமைக்குக் காரணம் யாது? 2015 திசம்பரில் கட்டுமானம் தொடங்கி 2025 மே 2ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்பையே மீனவர் சுட்டினர். 2022இல் நூறு நாட்களுக்கும் மேலாக அவர்கள் போராடியமைக்கு இக்குற்றச்சாட்டும் ஒரு காரணம். துறைமுகத் தரப்போ புயல்களின் பெருக்கத்தையும் முன்பே தொடங்கிய அரிப்பையும் காட்டி அதனை மறுத்தது. இவற்றோடு கரைநெடுகிலும் கட்டப்பட்ட கருங்கற் சுவர்கள், முதலைப்பொழி போன்ற இடங்களின் புலிமுட்டுகள், ஆற்றுமணல் அள்ளியமை, அணைகளில் வண்டல் தங்கியமை எனப் பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. கடலுக்குள் நீட்டப்படும் கற்கட்டு எதுவாயினும், கரைவழி நகரும் மணலை ஒருபுறம் தேக்கி மறுபுறம் குறைக்கும் என்பது கரையியலின் பாலபாடம். தமிழக எல்லையில் நீரோடிப் பகுதியில் தூண்டில் வளைவுகள் அமைந்தபின் தம் கரை அரிபடுவதாகப் பொழியூர் மக்கள் முறையிட்டுள்ளனர். ஓர் ஊரைக் காத்த கல் அடுத்த ஊரின் மணலைத் தடுக்கிறது எனில், அங்குக் காப்பும் குலைவும் ஒரே செயலாகின்றன.

இயல்பு என்பதால் தகுமா?

முதலில் எழுப்பிய வாதத்திற்கு இனி மீளலாம். இயற்கையில் குலைவு உண்டு. ஆதலால் குலைப்பதில் குற்றமில்லை என்பது அதன் அமைப்பு. இதன் தருக்கப் பிழை வெளிப்படையானது. எல்லா உயிரும் இறப்பதால் கொலை குற்றமன்று என எவரும் கூறார். நிகழ்வதிலிருந்து தகுவதைப் பெற இயலாது.

எனினும் இவ்விடையோடு நிறுத்திக்கொள்வது எளிய வெற்றியாகும். வாதத்தின் வலிமை வேறிடத்தில் உள்ளது. கொலையில் உயிர் இன்னது எனத் தெரியும். கரையில் காக்கப்பட வேண்டிய இயல்பு எது? 1950இன் கரையா, 1900இன் கரையா? நீலகிரிச் சதுப்புகளின் கரிமப் படிவுகளை ஆராய்ந்து ஆர். சுகுமார் முதலியோர் 1993இல் வெளியிட்ட முடிவுகள், கடந்த 20,000 ஆண்டுகளில் அம்மலைகளில் புல்வெளியும் மரத்தாவரமும் மாறிமாறி ஓங்கியதைக் காட்டின. மீட்க வேண்டிய தொன்மை நிலை என ஒன்றைச் சுட்டுவோர் உண்மையில் ஒரு காலத்தைத் தெரிவு செய்கின்றனர். ஆல்டோ லியோபோல்ட் 1949இல் வெளிவந்த தம் நூலில், உயிர்ச் சமூகத்தின் முழுமையையும் நிலைபேற்றையும் அழகையும் காக்க முனைவதே சரியான செயல் என அறத்திற்கு அளவுகோல் வகுத்தார். நிலைபேறு என்பதே ஐயத்திற்குரியதான பின் அவ்வளவுகோல் தளர்ந்தது. பெயர்ட் கேலிகாட் 1990களில் அதனைத் திருத்தி, இயல்பான கால, இட அளவுகளுக்குள் அமையும் குலைவே ஏற்கத்தக்கது என்றார். நூறாண்டுக்கு ஒருமுறை நிகழ்வதைப் பத்தாண்டுக்குள் நிகழ்த்துவது தவறு என்பது இதன் கருத்து. முறைமை திரிதல் என்னும் சிலம்பின் கருத்துக்கு இது நெருங்கி வருகிறது.

ஆயினும் இதுவும் போதாது. கரமனையாற்றின் குறுக்கே 1983இல் அமைந்த பேப்பாறை அணை காட்டின் ஒரு பகுதியை மூழ்கடித்தது. எந்த இயல்பான அளவிலும் அது அடங்காது. அவ்வணை நீரை நகரம் அருந்துகிறது. அதனைச் சூழ்ந்த காடு அதே ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இதனை வெறுங்குற்றம் என ஒதுக்குவோர் குடிக்கும் நீருக்கு விடை கூற வேண்டும். மறுபுறம், மணற்கரை அழிந்து கற்சுவர் நின்ற இடத்தில் உயிர் இல்லாமற் போவதில்லை. கல்லில் சிப்பிகள் பற்றுகின்றன; பாசி படர்கிறது; பாறை மீன்கள் வருகின்றன. விழிஞ்ஞத்தில் சிப்பி எடுப்பதே ஒரு தொழில். சூழலியலின் கண்ணில் அது மற்றொரு மண்டலம். குறையுடையது எனக் கூற அவ்வறிவியலுக்குத் தன்னளவில் உரிமையில்லை. மண்டலம் மாறியது என்றே அது கூறும். இழப்பு என்னும் சொல்லை வேறெங்கிருந்தோதான் பெறவேண்டும்.

அச்சொல்லைத் திணைக்கோட்பாடு தருகிறது எனலாம். திணை என்பது முதலும் கருவும் மட்டும் அன்று, உரியும் சேர்ந்தது. நிலமும் பொழுதும் அதன் உயிர்களும் தொழில்களும் கூறப்பட்டு, மனிதரின் ஒழுக்கம் அவற்றோடு சேர்ந்தபோதே திணை முழுமையுறுகிறது. பிற நிலத்துப் பூவும் புள்ளும் வந்து மயங்குவதைத் தொல்காப்பியம் ஏற்கிறது, கரு மயங்கலாம். உரிப்பொருளே திணைக்கு உயிர். இந்நோக்கில், மணலுக்குப் பதில் கல் வந்தமை கருவின் மாற்றம். கரமடி இழுத்தோர் இழுக்க இடமின்றிப் போனமை, கடலைக் கண்டு வாழ்ந்தோர் கடலுக்கு அஞ்சி அகன்றமை, உரியின் அழிவு. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். ஆனால் அது கடலுக்குச் சென்றவர் வரவை நோக்கிக் கரையில் இருந்து இரங்குவது. இரங்குவதற்கும் கரை வேண்டும்.

எந்த இறகு முறித்தது?

எஞ்சுவது பொறுப்பு. காரணங்கள் பின்னிக் கிடக்கையில் பழியை எவர்மேல் ஏற்றுவது? புயலும் கடல்மட்ட உயர்வும் சுவரும் புலிமுட்டும் துறைமுகமும் ஒவ்வொன்றும் மற்றதைச் சுட்டலாம். ஒவ்வொன்றின் பங்கும் தனித்து மெய்ப்பிக்கப்படும் வரை எவருக்கும் பொறுப்பில்லை என்னும் நிலையே நடைமுறையில் நிலவுகிறது.

திருக்குறள் வலியறிதல் அதிகாரம் மயிலிறகு ஏற்றிய வண்டியைக் காட்டுகிறது. இறகு மிக மெல்லியது. அளவு கடந்து ஏற்றினால் அதுவும் அச்சை முறிக்கும். ஹோலிங் கூறும் வரம்பைத் தமிழ் மாணவருக்கு விளக்க இதனினும் பொருத்தமான உவமை கிடைத்தல் அரிது. அறவினாவிற்கும் அது வழிகாட்டுகிறது. அச்சு முறிந்தபின் முறித்த இறகு எது என வினவுவது பயனற்றது. எந்த இறகும் தனித்து முறிக்கவில்லை. வினவத்தக்கது, வண்டி நிறைந்திருப்பதைக் கண்டும் மேலும் ஏற்றியவர் யார் என்பதே. 'கரை முன்பே அரிபட்டுக்கொண்டிருந்தது' என்னும் மறுமொழி இந்நோக்கில் விடுதலை தருவதன்று, பொறுப்பை மிகுவிப்பது. தளர்ந்த கரையில் கட்டுவோருக்கு வலிய கரையில் கட்டுவோரினும் கூடிய கடமை உண்டு. அதிகாரத்தின் பெயரே அதுதான்: வலி அறிதல். தன் வலி மட்டுமன்று, வினையின் வலியும் அறிய வேண்டும் என்கிறது அது.

மெய்ப்பிக்கும் சுமையும் இதனால் இடம் மாறுகிறது. தொலையுணர்வுப் படங்களும் அலை அளவைகளும் நிறுவனங்களின் கையில் உள்ளன. கரையோரக் குடும்பத்தின் கையில் இருப்பது இடிந்த சுவர். குலைவு தன்னால் அன்று என மெய்ப்பிக்கும் கடமை மாற்றும் ஆற்றல் உடையவரைச் சேர வேண்டும். கதிரவனை வேந்தன் என்ற உருவகத்தின் பொருளும் இதுவே எனக் கொள்ளலாம். வெம்மைக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம்; ஆட்சியில் இருப்பது எதுவோ அதன் பெயரால்தான் திரிபு வழங்கும். இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. இத்தகைய சுமையை ஏற்றினால் எந்தப் பொதுப்பணியும் நடவாது; பேப்பாறையும் எழுந்திராது என்பர். அது ஓரளவு உண்மையே. ஆனால் பேப்பாறையின் பயனை நகரம் முழுதும் பெறுகிறது. கரையின் இழப்பையோ ஒரு சில ஊர்களே தாங்குகின்றன. பயன் சேரும் இடம் வேறு. பயன் பெறுவோரும் சுமை ஏற்போரும் வெவ்வேறானவராய் இருக்குமிடத்தில் கேளாமற் செய்வது கூடுதல் குற்றமாகிறது.

கேரள அரசு 'புனர்கேகம்' என்னும் திட்டத்தின் வழி, கடலோரத்திலிருந்து 50 மீட்டருக்குள் வாழும் மீனவக் குடும்பங்கள் அகன்று குடியேற 10 இலட்சம் ரூபாய் வழங்குகிறது. உயிர்காக்கும் நோக்கம் அதற்கு உண்டு என்பதை மறுத்தல் தகாது. ஆயின் வீடு மீள்கிறது, கரை மீள்வதில்லை. வள்ளத்தையும் வலையையும் வைக்க இடமில்லாத குடியிருப்பிலிருந்து விடியுமுன் கடலுக்கு வருவோரின் தொலைவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அளவீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. ஐம்பது மீட்டர் எங்கிருந்து அளக்கப்படுகிறதோ அந்த அலைக்கோடே உள்நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. ஓர் ஆண்டில் எல்லைக்கு அப்பால் இருந்து உதவிக்குத் தகுதியற்றதாக விடப்பட்ட வீடு, இரண்டொரு மழைக்காலம் கழித்துக் கடல் நோக்கிய முதல் வரிசையில் நிற்கிறது.